கியர்பொக்ஸைக் கழற்றுவதற்கு முன்

மலையகத்தில் வியாபாரம் செய்யும் எமது சகோதரர்களில் பலருக்குக் கடைக்கு அடுத்த பெரிய முதலீடு வாகனம்தான். ஹட்டனில் மொத்தக் கடை வைத்திருப்பவர் பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் மாவும் சீனியும் அனுப்ப வேண்டும். நுவரெலியாவில் மரக்கறி வாங்குபவர் கோவாவையும் கரட்டையும் லீக்ஸையும் விடிவதற்குள் தம்புள்ளைக்கோ பேலியகொடைக்கோ சேர்க்க வேண்டும். முன்பு இதற்கெல்லாம் லொறி ஒன்றுதான் வழி. இன்று நடுத்தர வியாபாரிகள் பலர் டபள் கெப் வாகனத்தை நாடுகிறார்கள். சாமானும் ஏற்றலாம், குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்கும் போகலாம். அப்படி வாங்கப்படுபவற்றில் கணிசமானவை ஒட்டோமெட்டிக் கியர் உடையவை.

இந்த வாகனங்களில் வரும் ஒரு கோளாறைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறேன். ஏற்றத்தில் கீழ் கியருக்கு இறங்க வேண்டிய நேரத்தில் இறங்குவதில்லை. இறக்கத்தில் லீவரை இழுத்தாலும் வண்டி அசைந்து கொடுப்பதில்லை. சில வேளைகளில் கேட்காமலே 'தடார்' என்று இறங்கிவிடுகிறது. உடனே கராஜில் ஒரு முடிவு சொல்லப்படுகிறது: "பொக்ஸ் போய்விட்டது முதலாளி, மாற்ற வேண்டும்." முதலாளியும் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்புகிறார். இலட்சக்கணக்கில் பணம் போகிறது. கோளாறு அங்கேயே இருக்கிறது.

நான் உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பவன். ஒரு கியர்பொக்ஸ் கைமாறினால் எனக்கு இலாபமே தவிர நட்டமில்லை. அப்படியிருந்தும் சொல்கிறேன்: நான் பார்த்த இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு கியர்பொக்ஸ் காரணமாக இருக்கவில்லை. காசு செலவழிக்கப்பட வேண்டியது கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு. எமது வியாபாரிகளோ கண்டுபிடிக்கக் காசு கொடுக்க மனமில்லாமல், மாற்றுவதற்குக் காசை அள்ளிக் கொடுக்கிறார்கள்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது பெரிய விடயமாகத் தோன்றாது. புத்தளம் வீதியில் கியர் இறங்காவிட்டால் வண்டி சற்று மந்தமாக ஓடும், அவ்வளவுதான். நமது பாதைகள் அப்படியல்ல. தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரம் 1868 மீட்டர். இந்த உயரத்தை வளைந்து வளைந்து ஏறி, பின்னர் அதே உயரத்தைப் பாரத்தோடு இறங்க வேண்டும். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பிரேக் மட்டுமல்ல. கீழ் கியரில் எஞ்சின் கொடுக்கும் இழுவையும் பெரிய வேலை செய்கிறது. அது கிடைக்காதபோது சாரதி மைல் கணக்கில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார். பிரேக் சூடேறுகிறது, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிப்பதில்லை. 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி 7 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அந்த விபத்துக்கும் ஒட்டோமெட்டிக் கியருக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்பதை நினைவூட்டவே சொல்கிறேன்.

இனி விடயத்துக்கு வருவோம். பழைய ஒட்டோமெட்டிக் கியர் ஒயிலின் அமுக்கத்தாலும் கேபிளாலும் தானே முடிவெடுத்தது. இன்றைய கியர்பொக்ஸ் தானாக எதையும் முடிவெடுப்பதில்லை. முடிவெடுப்பது ஒரு சிறிய கணினி. எக்ஸலேட்டர் எவ்வளவு மிதிக்கப்பட்டிருக்கிறது, எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, கியர்பொக்ஸுக்குள் போகும் வேகம் எவ்வளவு, வெளியே வரும் வேகம் எவ்வளவு, ஒயிலின் சூடு என்ன, லீவர் எந்த இடத்தில் இருக்கிறது, பிரேக் மிதிக்கப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் சென்சர்கள் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. அதைப் பார்த்து அது சொலனொய்ட் எனப்படும் சிறிய மின்வால்வுகளுக்கு உத்தரவு போடுகிறது. அவை திறந்து மூடும்போது ஒயில் அமுக்கம் உரிய கிளச்சுகளைப் பிடிக்கிறது. கியர் மாறுகிறது.

இதை நமது வியாபாரத்தோடு ஒப்பிட்டால் இலகுவாக விளங்கும். ஹட்டன் கடைக்காரர் கொழும்புக்குச் சாமான் சொல்லியிருக்கிறார், சாமான் வரவில்லை. உடனே கொழும்பு மொத்த வியாபாரி முறிந்துவிட்டார் என்று யாராவது முடிவு கட்டுவோமா? முதலில் ஓடர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்போம். போய்ச் சேர்ந்தும் அனுப்பவில்லையென்றால்தான் அங்கே பிரச்சினை. கியர் விடயத்திலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே. கீழ் கியருக்கு இறங்கு என்று கணினி உத்தரவு போட்டதா, இல்லையா?

நல்ல ஸ்கேனரைப் பொருத்திக்கொண்டு ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தால் இதற்கு அப்போதே விடை கிடைக்கும். கணினி கேட்கும் கியர் எது என்பது திரையில் தெரியும். உள்ளே போகும் வேகத்தை வெளியே வரும் வேகத்தால் வகுத்தால் உண்மையில் விழுந்திருக்கும் கியர் எது என்பதும் தெரிந்துவிடும். கணினி மூன்றைக் கேட்டும் வண்டி நான்கிலேயே ஓடுகிறதென்றால் சொலனொய்ட், வால்வ் பொடி, ஒயில் அமுக்கம் என்று உள்ளே பார்க்க வேண்டும். கணினி மூன்றைக் கேட்கவே இல்லையென்றால் கியர்பொக்ஸில் கைவைப்பது வீண் வேலை. அதற்குச் செய்தி வரும் பாதையில் எங்கோ பிழை இருக்கிறது.

ஸ்கேனர் இல்லாமலும் ஓரளவு அறியலாம். மிதிக்கும்போது எஞ்சின் உறுமுகிறது, சுற்று ஏறுகிறது, வண்டி மட்டும் வேகமெடுக்கவில்லை என்றால் உள்ளே கிளச்சுகள் வழுக்குகின்றன. அது பெரிய செலவுதான். எஞ்சின் சுற்றும் ஏறாமல், வண்டி மூச்சுத் திணறுவதுபோல மேல் கியரிலேயே முக்கி முக்கிப் போனால் கதை வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு 'கியர் பிரச்சினை' என்று கராஜில் சொல்லிவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

ஹட்டனில் எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் இருக்கிறார். பொகவந்தலாவைப் பக்கத் தோட்டக் கடைகளுக்குச் சாமான் போடுபவர். அவருடைய டபள் கெப்பில் மழை நாட்களில் மட்டும் இறக்கத்தில் கியர் விழாது. வெயில் நாட்களில் ஒரு குறையும் இல்லை. ஒரு கராஜில் வால்வ் பொடி என்றார்கள். இன்னொரு கராஜில் பாவித்த கியர்பொக்ஸ் ஒன்றுக்கு நாலரை இலட்சம் ரூபா சொன்னார்கள். முற்பணம் கொடுக்கப் போகும் நேரத்தில் நாவலப்பிட்டியில் மின்வேலை செய்யும் ஓர் இளைஞர் வண்டியைப் பார்த்தார். அவர் எதையும் கழற்றவில்லை. லீவரை ஒவ்வோர் இடமாக மெதுவாக இழுத்துவிட்டு, முன்னால் இருக்கும் மீட்டரைப் பார்க்கச் சொன்னார். லீவர் இரண்டில் இருக்கிறது, மீட்டரில் டி என்றே நிற்கிறது! லீவர் எங்கே இருக்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்லும் சுவிட்ச் ஒன்று கியர்பொக்ஸின் பக்கவாட்டில் இருக்கும். அதன் இணைப்பைக் கழற்றினால் உள்ளே பச்சை பிடித்துத் தண்ணீர் நிற்கிறது. வாரந்தோறும் சேர்விஸ் நிலையத்தில் வண்டியின் அடிப்பாகத்துக்கு அமுக்கத் தண்ணீர் அடித்ததன் பலன் அது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழை மிச்சத்தைச் செய்திருக்கிறது. சுவிட்சும் கூலியும் சேர்த்து அந்த நாலரை இலட்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

(லீவரைப் பக்கவாட்டில் தள்ளி கூட்டல், கழித்தல் என்று கியர் மாற்றும் வண்டிகளில் அந்த வேலைக்குத் தனிச் சுவிட்ச் லீவரின் அடியில் இருக்கிறது. அதற்குள் பிளேன்டி கொட்டிக் கெட்டுப்போன வண்டிகளும் என் கடைக்கு வந்திருக்கின்றன. சாரதிமார் கவனிக்க.)

நமது நாட்டு கராஜ்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் போர்ட் நிறுவனத்துக்கே இந்தப் பிரச்சினை வந்தது. 2011 முதல் 2013 வரையான மொடல் எப்-150 பிக்கப் வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று முதலாம் கியருக்கு இறங்கியதாக முறைப்பாடுகள் எழுந்தன. 2019 இல் வட அமெரிக்காவில் சுமார் 15 இலட்சம் வாகனங்களை நிறுவனம் திருத்துவதற்காகத் திருப்பியழைத்தது. 2024 இல் 2014 ஆம் ஆண்டு மொடலில் சுமார் ஐந்தரை இலட்சம் வாகனங்களும் அழைக்கப்பட்டன. காரணம் பல்சக்கரமோ கிளச்சோ அல்ல. கியர்பொக்ஸிலிருந்து வெளியே வரும் வேகத்தைச் சொல்லும் சென்சரின் செய்தி ஒரு கணம் அறுந்துபோகிறது. செய்தி வராததால் வண்டி நிற்கிறது என்று கணினி எண்ணிக்கொள்கிறது. நிற்கும் வண்டிக்கு முதலாம் கியர்தானே! மணிக்கு 80 கிலோமீற்றரில் போகும் வண்டிக்கு அந்த உத்தரவு போனால் பின்சில்லுகள் இறுகி வழுக்கும். 2019 இல் செய்யப்பட்ட திருத்தம் கியர்பொக்ஸை மாற்றுவதல்ல, கணினியின் மென்பொருளை மாற்றுவது. செய்தி அறுந்தாலும் முதலாம் கியருக்கு இறங்காதே, எச்சரிக்கை விளக்கை எரியவிடு என்று அதற்குப் புதிதாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்த ஆறு கியர் பொக்ஸின் குடும்பத்தைச் சேர்ந்ததே 2011 க்குப் பின் வந்த ரேஞ்சர் கெப்பிலும் இருக்கிறது. அந்தத் திருப்பியழைப்பு வட அமெரிக்கச் சந்தைக்குரிய எப்-150 வாகனங்களுக்கானது. ரேஞ்சர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் கலவரமடைய வேண்டியதில்லை. ஆனால் திடீரென்று கியர் இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எதை என்பதை எந்தக் கம்பனியின் வண்டி வைத்திருப்பவரும் இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

ஸ்கேன் செய்தோம், அதிலேயே கியர்பொக்ஸ் என்று வந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். பி0700 என்ற எண்ணைக் காட்டி எத்தனையோ பொக்ஸ்கள் கழற்றப்பட்டிருக்கின்றன. அந்த எண்ணின் பொருள் கியர்பொக்ஸ் பழுது என்பதல்ல. கியர் கணினியிடம் ஒரு முறைப்பாடு இருக்கிறது, போய் அதைக் கேளுங்கள் என்பதுதான். மலிவான ஸ்கேனர்கள் வாசலில் இருக்கும் இந்த எண்ணை வாசித்துவிட்டு நின்றுவிடுகின்றன. உள்ளே போய் கியர் கணினியின் எண்ணை வாசிக்கும் கருவி வேண்டும். அங்கே பி0720 என்று வந்தாலும், வேகம் சொல்லும் அந்தச் சென்சரை உடனே வாங்கிப் போடு என்று அர்த்தமில்லை. சென்சர், அதன் வயர், அதன் இணைப்பு ஆகிய மூன்றில் ஒன்று பிழை என்றுதான் அர்த்தம். மீட்டரை எடுத்து வயரைச் சோதிப்பதற்குப் பத்து நிமிடம் போதும். எலி கடித்த வயருக்குப் புதுச் சென்சர் வாங்கியவரை நானறிவேன்.

ஸ்கேனருக்கு முன்பே பார்க்க வேண்டியவையும் உண்டு. பெட்டரி பலவீனமாக இருந்தாலோ எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலோ கணினி தாறுமாறாக முறைப்படும். பிரேக் மிதிக்கும்போது பின்விளக்கு எரியாவிட்டால், பிரேக் மிதித்த செய்தி கணினிக்கும் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். எயார் பில்டரோ டீசல் பில்டரோ அடைத்து எஞ்சின் சக்தி குறைந்தால் கியர் ஏறுவதும் இறங்குவதுமாக அலைபாயும். பழி பொக்ஸின் மேல் விழும். அழகுக்காகப் பெரிய டயர் போட்டவர்கள் கம்பனி கொடுத்த கணக்கையே குழப்பிவிடுகிறார்கள். வேகமாக இறங்கும்போது லீவரை ஒரேயடியாக முதலாம் கியருக்கு இழுத்தால் எந்தப் புது வண்டியும் இறங்காது. எஞ்சினைக் காப்பாற்றக் கணினி மறுக்கிறது. அது கோளாறு அல்ல. பிரேக்கால் வேகத்தைக் குறைத்துவிட்டு ஒவ்வொன்றாக இறக்க வேண்டும்.

ஒயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாரத்தோடு மெதுவாக ஏறும்போது டோர்க் கொன்வேர்ட்டர் ஒயிலைக் கடுமையாகச் சூடாக்குகிறது. மலையக வண்டிக்கு இது அன்றாட நிலை. கம்பனிப் புத்தகத்தில் 'ஆயுட்கால ஒயில்' என்று எழுதியிருப்பதை நம்பி மாற்றாமலே ஓடுபவர்கள், கடும் பாவனைக்கு அதே புத்தகத்தில் வேறு என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. ஒயில் அளவு குறைந்திருந்தால் சமதரையில் ஒன்றும் தெரியாது. செங்குத்தான இடத்தில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை இழுக்கும், அப்போதுதான் கியர் தடுமாறும். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் கறுத்து, கருகிய மணம் வீசினால் உள்ளே ஏற்கெனவே சேதம் தொடங்கிவிட்டது. அத்தோடு எல்லா ஒட்டோ ஒயிலும் ஒன்றல்ல. டொயோட்டாவிலேயே பழைய பொக்ஸுக்கு டி-4 என்ற ஒயில், புதியவற்றுக்கு டபிள்யூ.எஸ். என்ற மெல்லிய ஒயில். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றக்கூடாது. கடையில் எது இருக்கிறதோ அதை ஊற்றிவிடும் பழக்கம் நம்மிடையே இருப்பதால்தான் சொல்கிறேன்.

முதலாளிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோளாறு கண்டதும் கணினி வண்டியைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுபோய் ஒரே கியரில் நிறுத்திவிடும். எஞ்சினை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் வண்டி சரியாகிவிடும். சாரதிமாருக்கு இந்த வித்தை தெரியும். வழியில் நிறுத்துவார், ஸ்டார்ட் செய்வார், வந்துவிடுவார். முதலாளியிடம் சொல்லமாட்டார். சொன்னால் "நீ என்ன செய்தாய்?" என்ற ஏச்சு விழும் என்ற பயம். இப்படி மூன்று மாதம் ஓடிய பிறகு விடயம் முதலாளிக்குத் தெரியவரும்போது, சிறிய இணைப்புக் கோளாறு பெரிய கோளாறாகியிருக்கும். எந்த இடத்தில் நடந்தது, ஏற்றமா இறக்கமா, மழையா, வண்டி சூடாக இருந்ததா என்ற நாலு விபரத்தை சாரதி ஒரு கொப்பியில் குறித்து வைத்தால், கராஜில் அரைநாள் வேலை மிச்சமாகும். ஏசாத முதலாளிக்குத்தான் அந்தக் கொப்பி கிடைக்கும்.

பாவித்த வாகனம் வாங்குபவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. வரியோடு சேர்த்துப் புது வண்டியின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால் இன்றும் பலர் வாங்குவது அவற்றைத்தான், அதுவும் லீசிங்கில். தவணை நிற்காது, வண்டி கராஜில் நிற்கும்.

விற்பதற்கு முதல்நாள் ஸ்கேனரால் கோளாறு எண்களை அழித்துவிட்டு, விளக்கு எரியாத வண்டியாகக் காட்டும் வேலை சந்தையில் நடக்கிறது. இதை வியாபார சாமர்த்தியம் என்கிறார்கள். மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்ததும், மேலே காய்ந்ததும் உள்ளே நனைந்ததுமாக இருந்ததும், அந்த வியாபாரியிடம் அவர்கள் கேட்ட கேள்வியும் ஜும்ஆவில் நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அழிக்கப்பட்ட கோளாறு எண் அந்த நனைந்த தானியமன்றி வேறென்ன? வாங்குபவரும் குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்கலாம். எண்கள் அழிக்கப்பட்ட பின் வண்டி எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்பதைப் பல வாகனங்களின் கணினி குறித்து வைத்திருக்கிறது, ஸ்கேனர் அதைக் காட்டும். ஒரு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய வண்டியில் அது பன்னிரண்டு என்று காட்டினால், ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள். பெட்டரியைக் கழற்றி மாட்டினாலும் சில வண்டிகளில் இப்படிக் காட்டும் என்பதையும் சொல்ல வேண்டும், விற்பவருக்கு அநியாயம் செய்யக்கூடாது. சந்தேகம் தீர தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரை ஏற்றி இறக்கிப் பார்த்தால் போதும். வண்டி சூடேறிய பிறகுதான் பல கோளாறுகள் வெளியே வரும். வாசலில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை.

கடைசியாக, கூலி விடயம். கராஜ்காரர் இரண்டு மணித்தியாலம் செலவழித்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, வயர் வயராகச் சோதித்து, "இந்த இணைப்புத்தான் முதலாளி" என்றால், "இதற்கா ஐயாயிரம்?" என்று கேட்கிறோம். அதே ஆள் பொக்ஸைக் கழற்றி இறக்கினால் ஐம்பதாயிரத்தைப் பேசாமல் எண்ணிக் கொடுக்கிறோம். பிறகு அவர் ஏன் தேடிக்கொண்டிருக்கப் போகிறார்? கண்டுபிடிப்பதற்கான கூலியை முதலே பேசி, வேலைக்கும் பாகத்துக்கும் வேறாகப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்த தாளையும் கேட்டு வாங்க வேண்டும். கராஜ்காரரும் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லிக் கூலி வாங்கக்கூடாது. அதுவும் அமானிதம்தான்.

இந்த வேலை தெரிந்தவர்கள் மலையகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. சாதாரண தரம் முடித்ததும் பிள்ளையைக் கடையில் உட்காரவைப்பது எமது வழக்கம். மொறட்டுவையிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் மோட்டார் வாகனத் தொழில் கற்பிக்கிறார்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ நல்ல ஸ்கேனரும் மீட்டரும் வைத்துக்கொண்டு இரண்டு இளைஞர்கள் ஒரு சிறிய இடம் போட்டால், கியர்பொக்ஸ் கழற்றாமலே அவர்கள் பிழைக்கலாம். புலமைப்பரிசில் கொடுக்கும் எமது சங்கங்கள் இந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

என் கடைக்கு கியர்பொக்ஸ் கேட்டு வருபவர்களிடம் இப்போதெல்லாம் முதலில் ஸ்கேன் தாளைத்தான் கேட்கிறேன். சிலர் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் திரும்பி வருவதில்லை. பொக்ஸ் தேவைப்படவில்லை என்று அறிந்துகொள்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.